ஆச்சியைப் படம் எடுக்க 50 மிமீ லென்ஸ் போதுமா, 85 வேண்டுமா? (கேனான் 1500டி)

#1 பொருநைக்கரை | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

கையில் இருப்பது கேனான் 1500டி. சித்தி மகன் துபாய் போகும்போது எனக்கு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே 18-55, 55-250 இரண்டு கிட் லென்ஸும் வந்தன. இதுவரை கோயில் கோபுரமும் பூனையும்தான் எடுத்திருக்கிறேன்.

எங்கள் ஆச்சிக்கு வருகிற தை மாதம் எண்பது முடிகிறது. அதற்குள் ஒரு நல்ல படம் எடுத்து, பெரிதாகப் போட்டு, பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், மாட்ட வேண்டும். தாத்தா தவறியபோது அவர் தனியாக இருக்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ரேஷன் கார்டில் இருந்ததை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். அவர்கள் முகத்தைப் பெரிதாக்கி, யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையை ஒட்டி, பின்னால் நீல வானம் வைத்துத் தந்தார்கள். தாத்தா ஆயுசுக்கும் காலர் பட்டன் போட்டவர் இல்லை. அந்தப் படத்தில் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு மூச்சு முட்டி நிற்கிறார்.

ஆச்சிக்கு அப்படி ஆகக் கூடாது. வீடியோக்களில் எல்லாரும் முகத்துக்கு 85 எஃப் 1.8 என்கிறார்கள். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், பின்னணி மங்கும் என்கிறார்கள். என்னிடம் பன்னிரண்டாயிரம் இருக்கிறது, அதில் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் வந்துவிடும். 85-க்கு மீதியைச் சித்தப்பா போடுகிறேன் என்கிறார். பின்னணி நன்றாக மங்க வேண்டும். ஆச்சி காதில் இன்னும் பாம்படம் போட்டிருக்கிறாள், அதுவும் பளிச்சென்று தெரிய வேண்டும். எது வாங்கலாம்?

#2 மண்டபத்து மணி | வெள்ளி, இரவு 10.05

தம்பி, 85 எடு. யோசிக்கவே வேண்டாம். கல்யாண வேலைக்கு நான் பதினொரு வருடமாக 85 தான் வைத்திருக்கிறேன். மணவறையில் பெண்ணைத் தனியாக எடுக்கும்போது பின்னால் இருக்கிற சீரியல் பல்பெல்லாம் உருண்டை உருண்டையாக வரும் பார், அதுக்கே காசு கொடுத்துவிடலாம். 50 நல்ல லென்ஸ்தான், ஆனால் கொஞ்ச நாளில் 85 மேல் ஆசை வரும். இரண்டு செலவு எதற்கு?

#3 குறுக்குச்சால் | வெள்ளி, இரவு 10.31

1500டி-யில் எந்த லென்ஸ் போட்டாலும் 1500டி தான். அதை விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் வாங்குங்கள். கிராப் சென்சாரில் முகப் படம் எடுப்பது, டம்ளரில் நீச்சல் பழகுவது மாதிரி.

#4 கண்ணாடிப்பெட்டி | வெள்ளி, இரவு 11.20

மேலே உள்ள டம்ளரை அப்படியே ஓரமாக வைத்துவிடுவோம்.

மணி அண்ணன் சொல்வது அவருக்குச் சரி. அவர் கையில் இருப்பது ஃபுல் ஃபிரேம், அதாவது 36 × 24 மிமீ சென்சார் உள்ள கேமரா என்று நினைக்கிறேன். 1500டி சென்சார் சுமார் 22.3 × 14.9 மிமீ. 36 × 24 ஃபிரேமோடு ஒப்பிட்டால் 1.6 மடங்கு சின்னது, இதைத்தான் கிராப் என்கிறார்கள். அதனால் அண்ணன் கேமராவில் 85 காட்டுகிற பரப்பு, உங்கள் கேமராவில் 50 போட்டாலே கிட்டத்தட்ட வந்துவிடும் (50 × 1.6 = 80). உங்களிடம் 85 போட்டால் அது 136 மாதிரி நடந்துகொள்ளும். 136-உம் முகத்துக்கு நல்ல லென்ஸ்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் போக இடம் வேண்டும்.

லென்ஸ் பெயரை விடுங்கள். எங்கே வைத்து எடுக்கப் போகிறீர்கள்? அந்த இடத்தின் நீளம் அகலம் என்ன? ஆச்சி எவ்வளவு தூரம் வரைதான் உங்களோடு சாதாரணமாகப் பேசுவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

#5 பொருநைக்கரை | சனி, காலை 7.15

டேப் வைத்து அளந்தேன். பட்டாசல் 10-க்கு 14 அடி. ஒரு மூலையில் ஆச்சி கட்டில். நெல் குதிர் இருந்த இடத்தில் இப்போது ஃபிரிட்ஜ் நிற்கிறது. பட்டாசலை ஒட்டி முற்றம், மேலே கம்பி போட்டுத் திறந்தே இருக்கும். வெளியே எங்கும் ஆச்சி வரமாட்டாள், முழங்கால் வலி. காதும் கொஞ்சம் மந்தம், ஆறடி தள்ளிப் போனால் கத்தித்தான் பேச வேண்டும்.

#6 கண்ணாடிப்பெட்டி | சனி, காலை 8.02

14 அடி என்பது சுமார் 4.3 மீட்டர். ஆச்சியைச் சுவரோடு ஒட்டி உட்கார வைக்கக் கூடாது, ஒரு மீட்டராவது முன்னால் நகர்த்த வேண்டும். நாற்காலி, நீங்கள் நிற்கிற இடம் எல்லாம் போக லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவே அதிகபட்சம் இரண்டரை, 2.7 மீட்டர் கிடைக்கும்.

உங்கள் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலையிலிருந்து மார்பு வரை, அதாவது உயரவாக்கில் 63 செமீ அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 போட்டால் ஒன்றரை மீட்டரில் நிற்கலாம். 85 போட்டால் இரண்டரை மீட்டர் போக வேண்டும், உங்கள் முதுகு ஃபிரிட்ஜைத் தொடும். ஆச்சி மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை முழுசாகக் காட்ட வேண்டுமென்றால் உயரவாக்கில் 1.4 மீட்டராவது அடங்க வேண்டும். 85-இல் அதற்கு ஐந்தரை மீட்டர் தேவை. தெருவில் இறங்கி வாசல் வழியாகத்தான் எடுக்க முடியும்.

ஆறடியில் காது கேட்காது என்கிறீர்கள். ஆறடி என்பது 1.8 மீட்டர். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

#7 மண்டபத்து மணி | சனி, காலை 10.48

கண்ணாடி சொன்னது சரிதான், என்னுடையது ஃபுல் ஃபிரேம். கிராப்பில் 85 எடுத்துக்கொண்டு மேக்கப் ரூமுக்குள் போனால் கஷ்டம்தான். ஒருமுறை என் உதவியாளப் பையன் அப்படிப் போய், பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே நின்று எடுத்தான். பெண்ணின் அத்தை உள்ளே போக வந்து அலறிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், என் மேல் உள்ள தப்புதான். 85 வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் 1.8-லேயே எடுப்பேன். அது ஒரு போதை. ஒரு ரிசப்ஷனில் பெண்ணைப் பக்கத்தில் நின்று அழகாக எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் இமைமுடி எண்ணலாம். ஆல்பம் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் அம்மா, “தம்பி, ஜிமிக்கிக்கே மூன்று பவுன். எங்கே அது?” என்று கேட்டார்கள். பார்த்தால் காது பஞ்சு மாதிரிக் கரைந்து கிடக்கிறது. நீ பாம்படம் தெரியணும் என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்தும் கவனிக்காமல் 85 என்று சொல்லிவிட்டேன்.

#8 ஓரக்கண் | சனி, மதியம் 1.30

தம்பி, நான் கோவையில் குழந்தைகளைப் படம் எடுக்கிறவள். கைக்குழந்தையும் வயசானவங்களும் ஒன்றுதான், நாம் சொல்கிற மாதிரி உட்கார மாட்டார்கள்.

காசு செலவழிக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். 18-55-ஐ 50-இல் வைத்து, வளையம் நகராமல் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். காலையில் அதில் மட்டும் எடுங்கள். சாயங்காலம் 55-250-ஐ 85-இல் வைத்து அதே மாதிரி. மங்கல், வெளிச்சம் எதையும் பார்க்க வேண்டாம். எங்கே நின்றீர்கள், எதில் இடித்துக்கொண்டீர்கள், எந்தத் தூரத்தில் ஆச்சி முகம் இளகியது, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக 18-இல் வைத்துப் பக்கத்தில் போயும் ஒன்று எடுங்கள், வித்தியாசம் தெரிவதற்காக.

#9 பனிக்காட்டான் | சனி, மாலை 6.10

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன். தம்பி, இரண்டும் வேண்டாம். ஹீலியோஸ் 44-2 என்று சோவியத் காலத்து லென்ஸ் ஒன்று இருக்கு, 58 மிமீ எஃப் 2. எம்42 மரை உள்ளது. ஒரு வளையம் வாங்கினால் கேனானில் அப்படியே பொருந்தும், தூரத்து ஃபோகஸும் கிடைக்கும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் காரருக்குத்தான் நடுவில கண்ணாடி வைத்த வளையம் தேவைப்படும். நான் அம்மம்மாவை ஜன்னல் பக்கத்துக் கதிரையில இருத்தி அதில்தான் எடுத்தனான். பின்னால் இலைகள் எல்லாம் சுழன்று நிற்கும், அவ்வளவு வடிவு.

கையால்தான் ஃபோகஸ். மெதுவாகத்தான் எடுக்க ஏலும். அது நல்லதுதான் என்பேன்.

#10 கண்ணாடிப்பெட்டி | சனி, இரவு 7.00

ஹீலியோஸ் எனக்கும் பிடிக்கும், என்னிடமும் ஒன்று தூசியோடு கிடக்கிறது. ஆனால் அந்தச் சுழல் ஃபிரேமின் ஓரங்களில்தான் வரும். கிராப் சென்சார் ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும், அதனால் 1500டி-யில் சுழல் பாதிகூடத் தெரியாது. கேமரா அபர்ச்சரை (எஃப் எண்ணை) 00 என்று காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய சிக்கல் வ்யூஃபைண்டர். 1500டி-யின் சின்ன இருட்டு ஜன்னலில் எஃப் 2-க்குக் கண்ணால் ஃபோகஸ் பிடிப்பது சிரமம். லைவ் வ்யூவில், அதாவது பின்பக்கத் திரையில், பெரிதாக்கிப் பார்த்துச் செய்யலாம், ஆனால் அதற்குள் ஆச்சி எழுந்து போய்விடுவார்கள்.

#11 குறுக்குச்சால் | சனி, இரவு 8.15

அஃப்கன் பெண் படம் எடுத்த ஸ்டீவ் மெக்கரி 50-இலா எடுத்தார்? 105 மிமீ. நீள லென்ஸ்தான் முகத்துக்கு. சரித்திரம் பேசுகிறது.

#12 கண்ணாடிப்பெட்டி | சனி, இரவு 8.40

ஆமாம், 1984-இல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில், நிக்கார் 105 எஃப் 2.5, கோடக்ரோம் ஃபிலிம். அது 36 × 24 ஃபிலிம், கிராப் இல்லை. 1500டி-யில் அதே பரப்பு வேண்டுமென்றால் 66 மிமீ. உங்கள் சரித்திரம் 50-க்கும் 85-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம், அந்த லென்ஸை முழுசாகத் திறந்தாலே 2.5 தான். 1.4, 1.2 இல்லாமல்தான் அந்தக் கண்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

#13 பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 9.20

அக்கா சொன்ன மாதிரியே செய்தேன். இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் 18-இல் வைத்து அரை மீட்டர் பக்கத்தில் போனேன். படத்தில் ஆச்சியின் மூக்கு முதலில் வருகிறது, ஆச்சி பிறகு வருகிறாள். காது இரண்டும் பின்னால் ஓடிவிட்டன. பாம்படம் சோள மணித் தோடு மாதிரி சின்னதாகத் தெரிகிறது. மூக்குத்தி மட்டும் தெருவிளக்கு மாதிரி இருக்கிறது. ஆச்சி பார்த்துவிட்டு “எவடா இது” என்றாள்.

50-இல் டேப் ஒட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி முக்காலியில் உட்கார்ந்தேன். முகம் முகமாக இருந்தது. ஆச்சி முதல் இருபது படத்துக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை, முன்பல் இரண்டு இல்லை என்பதால். பிறகு நான் சும்மா முருங்கைக்கீரை கிள்ளச் சொல்லி முறத்தைக் கொடுத்தேன். கீரை கிள்ள ஆரம்பித்ததும் கேமரா மறந்துவிட்டது. முருங்கை மரத்தை யார் நட்டது என்று ஒரு சண்டைக் கதை சொன்னாள். அதில் ஆறு படம் நன்றாக வந்தன.

சாயங்காலம் 85-இல் வைத்தேன். முதுகு ஃபிரிட்ஜில் முட்டியது. கதவு திறந்துகொண்டு உள்ளே லைட் எரிந்து ஆச்சி முகத்தில் அடித்தது. அதைவிட, அங்கிருந்து நான் பேசுவது ஆச்சிக்குக் கேட்கவில்லை. “என்னது? என்னது?” என்று கழுத்தை முன்னால் நீட்டினபடியே எல்லாப் படத்திலும் இருக்கிறாள். அதனால் 85 இல்லை. 50 வாங்கிவிடலாமா?

#14 கண்ணாடிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.10

மூக்கு பெரிதானது 18 மிமீ-யால் இல்லை, அரை மீட்டரால். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செமீ இடைவெளி. நீங்கள் 50 செமீயில் நின்றால் காது 62 செமீயில் இருக்கிறது. மூக்கு காதைவிடக் கால்வாசி பெரிதாகிவிடும். ஒன்றரை மீட்டரில் 150-க்கு 162, வித்தியாசம் 8 சதவீதம். மூன்று மீட்டர் போனால் 4 சதவீதம். 18-இலேயே ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்து, நடுவிலிருக்கும் முகத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள், முகம் 50-இல் எடுத்தது மாதிரியே இருக்கும், பிக்சல்தான் குறையும். போனில் செல்ஃபி எடுத்தால் மூக்கு புடைப்பதும் இதே கதைதான், கை நீளம் அவ்வளவுதான்.

ஒன்றரை மீட்டருக்கு 50 சரி. ஆனால் 50 எஃப் 1.8 வாங்கலாமா என்று கேட்டால், ஆச்சி படத்துக்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள். பாம்படக் கணக்கு ஒன்று இருக்கிறது.

50 மிமீ, ஒன்றரை மீட்டர், எஃப் 1.8. உங்கள் சென்சாருக்குத் தெளிவாகத் தெரிகிற ஆழம் மொத்தமே சுமார் 6 செமீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முன்னால் 3, பின்னால் 3. நேராகப் பார்க்கிற முகத்தில் கண்ணிலிருந்து காது பின்னால் எட்டு ஒன்பது செமீ இருக்கும். ஜிமிக்கி அம்மா திரும்ப வந்துவிடுவார்கள். எஃப் 4-க்குப் போனால் மொத்தம் சுமார் 14 செமீ, பின்னால் 7 கிடைக்கும், காது விளிம்பில் நிற்கும். 5.6-க்குப் போனால் 19 செமீ. அப்போதுதான் பாம்படத்தின் உருண்டையும் தட்டும் தனித்தனியாகத் தெரியும்.

18-55 கிட் லென்ஸ் 55-இல் எத்தனை வரை திறக்கும்? 5.6.

#15 மண்டபத்து மணி | ஞாயிறு, இரவு 10.25

யோவ் கண்ணாடி, கடைசியில் கிட் லென்ஸே போதும் என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே. அப்போ நாங்களெல்லாம் 1.8 வாங்கியது எதற்கு?

#16 கண்ணாடிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.52

வெளிச்சத்துக்கு அண்ணே. 5.6-ஐவிட 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். மண்டபத்தில் இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பத்து மடங்குதான் உங்கள் சோறு. தம்பி வீட்டு முற்றத்தில் காலை பத்து மணிக்கு அது தேவையில்லை.

மங்கலுக்கும் ஒரு எளிய கணக்கு சொல்கிறேன், மிமீ-யை எஃப் எண்ணால் வகுங்கள். லென்ஸின் உள்ளே திறந்திருக்கிற வட்டத்தின் அகலம் அது. தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பது பெரும்பாலும் இந்த அகலத்தைப் பொறுத்தது, ஆள் ஃபிரேமில் அதே அளவுக்கு இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால். 50/1.8 என்றால் 28 மிமீ. 85/1.8 என்றால் 47. கிட் லென்ஸ் 55/5.6 வெறும் 10, அதனால்தான் அதில் மங்கலே வரவில்லை என்று எல்லாரும் புலம்புகிறார்கள். ஆனால் 250/5.6 என்ன? 45. உங்கள் அலமாரியில் சும்மா கிடக்கிற 55-250, கடைசி முனையில் 85 எஃப் 1.8-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் நண்பனை நிறுத்தி, ஒன்பது மீட்டர் தள்ளி நின்று இடுப்பு வரை எடுத்துப் பாருங்கள். பின்னால் தென்னந்தோப்பு பச்சை மாவாகிவிடும். வெயில் வேண்டும், ஷட்டர் வேகம் 1/400-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நண்பனிடம் கத்த வேண்டும். அவ்வளவுதான்.

#17 பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 11.15

தலை சுற்றுகிறது. பின்னணி மங்க வேண்டும் என்றுதான் இழையையே ஆரம்பித்தேன். கிட் லென்ஸில் 5.6 வைத்தால் பின்னால் காலண்டர், சுவிட்ச் போர்டு, மின்வாரிய அட்டை எல்லாம் தெரிகிறது.

#18 ஓரக்கண் | திங்கள், காலை 6.50

காலண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள் தம்பி. லென்ஸைவிட அது மலிவு.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. எதற்காகப் பின்னணியை மங்க வைக்கிறோம்? அங்கே வேண்டாதது இருப்பதால். அது உங்கள் வீடு, எடுத்து ஓரமாக வைக்கலாம். மணி அண்ணனால் மண்டபத்தில் யாரோ ஒருவர் டிபன் பார்சல் கட்டிக்கொண்டிருப்பதை நகர்த்த முடியாது, அவருக்கு 1.8 வேண்டும்.

ஆச்சியை முற்றத்தின் ஓரத்தில், பட்டாசல் நிழலுக்குள் உட்கார வையுங்கள். முகம் முற்றத்தைப் பார்த்து இருக்கட்டும், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். வெயில் முகத்தில் விழக் கூடாது, முற்றத்துத் தரையில் விழுந்தால் போதும், அங்கிருந்து எழும்பி வருகிற வெளிச்சம் கண்ணுக்குக் கீழே உள்ள குழியை நிரப்பும். பின்னால் பட்டாசலின் உள் இருட்டு. விளக்கை எல்லாம் அணையுங்கள், ட்யூப்லைட் எரிந்தால் தோல் ஒரு பக்கம் பச்சையாக வரும். இருட்டுப் பின்னணி மங்கினதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளை முடி அந்த இருட்டில் எப்படி நிற்கும் என்று பாருங்கள்.

மிக்ஸி ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், காது கேட்காதவர்களுக்கு அது ஒரு தொல்லை.

#19 மண்டபத்து மணி | திங்கள், காலை 9.10

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. 1500டி-யில் ஒன்பது புள்ளி இருக்கிறது, அதைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாதே, கிட்டே இருக்கிற மூக்கையோ கையிலிருக்கிற முறத்தையோ பிடித்துக்கொள்ளும். ஒரே புள்ளி வை. நடுப்புள்ளிதான் நம்பிக்கையானது. நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவை அதிகம் திருப்பாதே. ஒன்றரை மீட்டரில் பத்து டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் இரண்டு செமீ பின்னால் போய்விடும் என்று நம்ம கண்ணாடிதான் ஒருமுறை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். 5.6-இல் அது தாங்கும், 1.8-இல் தாங்காது.

ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாதே. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உன் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஆச்சி கை நடுக்கத்தை அல்ல.

#20 குறுக்குச்சால் | திங்கள், காலை 11.00

நாலு நாள் பேசி கிட் லென்ஸில் வந்து முடிந்ததா. ஃபுல் ஃபிரேம் வாங்கியிருந்தால் இதற்குள் படம் எடுத்து மாட்டியிருக்கலாம்.

#21 நெறியாளர் | திங்கள், காலை 11.20

குறுக்குச்சால், கேள்வி கேட்டவருடைய கேமரா எது என்பது தலைப்பிலேயே இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறோம்.

#22 பனிக்காட்டான் | திங்கள், மாலை 5.45

நான் ஹீலியோஸ் சொன்னதுக்கு ஒருவரும் கோபிக்கேல்லை, சந்தோஷம். தம்பி படம் எடுத்ததும் இங்கே போடவேணும்.

#23 பொருநைக்கரை | அடுத்த ஞாயிறு, மாலை 4.30

எடுத்தாயிற்று. 18-55, 55 மிமீ, எஃப் 5.6, 1/125, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) 800. நேரம் காலை பத்தேகால்.

மொத்தம் 140 படம். அதில் 90-இல் ஆச்சி கண்ணை மூடியிருக்கிறாள். ஓரக்கண் அக்கா சொன்ன இடத்தில் உட்கார வைத்தேன், ஆனால் அக்கா சொல்லாத ஒன்று நடந்தது. ஆச்சி காலையிலேயே குளித்துப் புதுச் சேலை கட்டி, முகம் முழுக்கப் பவுடர் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். சுருக்கங்களுக்குள் பவுடர் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. துடைக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா, “வேர்க்குது பாருங்க” என்று ஈரத்துண்டால் ஒற்றி எடுத்துவிட்டாள்.

நான் தேர்ந்தெடுத்தது 117-ஆவது படம். முறம் மடியில் இருக்கிறது, கையில் ஒரு கொத்து கீரை. கேமராவைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து ஏதோ திட்டப் போகிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, அந்த இரண்டு பல் இல்லாத இடமும் தெரிகிறது. இடது காதுப் பாம்படம் முழுசாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உருண்டையின் ஒரு பக்கத்தில் நசுங்கல் இருக்கிறது. அது என் அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போது கடித்தது என்று இன்றைக்குத்தான் தெரியும். அதே சென்சார்தான், டம்ளரில்தான் நீந்தினேன்.

கம்ப்யூட்டரில் ஆச்சியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “எங்க அம்மை மாதிரில்லா இருக்கு” என்றாள்.

ஆச்சி படம் வெளியே போக வேண்டாம் என்கிறாள், அதனால் இங்கே போடவில்லை. பனிக்காட்டான் அண்ணன் மன்னிக்கணும்.

#24 ஓரக்கண் | ஞாயிறு, மாலை 5.05

போடாதது நல்லது. பவுடர் விஷயத்தில் அம்மா செய்ததை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

#25 பொருநைக்கரை | மூன்று வாரம் கழித்து, இரவு 8.50

கடைசியில் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்கிவிட்டேன். சித்தி மகளுக்கு வளைகாப்பு, இரவில், வீட்டு ஹாலில். கிட் லென்ஸில் முயற்சி செய்தேன். 5.6-இல் ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றியும் உப்புமா மாதிரி மணல் மணலாக வந்தது. 50-இல் எஃப் 2 வைத்தால் அதே ஷட்டருக்கு 800 போதும். மணி அண்ணன் சொன்ன பத்து மடங்கு இப்போதுதான் புரிந்தது. (கண்ணாடி சொன்னது, மன்னிக்கவும்.)

வளையல் அடுக்கிய கை எல்லாம் நன்றாக வந்தது. ஐந்து பேர் சேர்ந்து நின்ற படத்தில் முன்னால் நின்ற அத்தை மட்டும் தெளிவு, மற்ற நாலு பேரும் பேய். அடுத்த தடவை கூட்டத்துக்கு 5.6.

சந்தேகம்: புது லென்ஸை எப்படி வைப்பது? பழைய 55-250-இல் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதோ இருக்கிறது.

#26 மண்டபத்து மணி | இரவு 9.15

பூஞ்சை. டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பார், நூல் நூலாகத் தெரிந்தால் அதுதான். லெதர் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால் வரும், நம்ம ஊர் ஈரத்துக்கு நிச்சயம் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடு. அரிசியில் போட்டு வைக்காதே, தூசி உள்ளே போகும். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடு. 55-250-ஐ ஒரு மெக்கானிக்கிடம் காட்டி விலை கேள், லென்ஸ் விலையில் பாதிக்கு மேல் சொன்னால் விட்டுவிடு.

ஆச்சி படம் பிரிண்ட் போட்டாயா? 24 மெகாபிக்சல், 20 அங்குலம் வரை தாராளமாகப் போகும். 12-க்கு 18 போடு. பளபள பேப்பர் வேண்டாம், மேட். கண்ணாடி போட்டால் எதிரே உள்ள ட்யூப்லைட்தான் தெரியும், ஆச்சி தெரிய மாட்டாள்.

#27 பொருநைக்கரை | இரவு 9.32

12-க்கு 18, மேட், தேக்குச் சட்டம். நேற்றுதான் வாங்கி வந்தேன். ஃபிரேம் கடைக்காரர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “கீழே தோற்றம் மறைவு போடணுமா? சின்ன பல்பு வைக்க ஹோல்டர்?” என்று கேட்டார்.

ஆள் வீட்டில் இருக்கிறாள், கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.